நாய்க்குட்டிகளுக்கான பார்வோ–கொரோனா ரேபிட் கிட்: எந்தக் கோட்டை நம்பலாம்?

குட்டிக்கு வாந்தி, பேதி என்றதும் கிளினிக்கில் முதலில் வெளியே வருவது இப்போதெல்லாம் இந்தச் சின்ன பிளாஸ்டிக் அட்டைதான். பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பெட்டியின் மேல் 'சி.பி.வி / சி.சி.வி ஆன்டிஜென்' என்றிருக்கும். முன்னது பார்வோ, பின்னது நாய்க் கொரோனா; இரண்டும் குடலைத் தாக்கும் வைரஸ்கள். ஆன்டிஜென் என்றால் அந்த வைரஸின் புரதம். ஆன்லைனிலும் கிடைப்பதால், நாய் வளர்ப்பவர்களும் குட்டி விற்பவர்களும் நேரடியாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் கொடுக்கும் காசு பார்வோ பக்கத்துக்காகத்தான். கொரோனா பக்கத்தில் விழும் கோடு, ஒரு தனிக் குட்டியின் சிகிச்சையை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. பார்வோ பக்கத்தில் கோடு விழாவிட்டாலும் "பார்வோ இல்லை" என்று எழுந்து போய்விட முடியாது. இது தெரிந்தவர் கையில் நல்ல கருவி. தெரியாதவர் கையில், ஒரு நாள் தாமதத்தை உண்டாக்கிக் குட்டியைப் பறிகொடுக்க வைக்கும் கருவி.

எந்தக் கொரோனா என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. இது கோவிட் இல்லை. இந்தக் கிட் தேடுவது நாய்களின் குடலில் வாழும் கொரோனா வைரஸை. 1971-ல் ஜெர்மனியில் ராணுவ நாய்களுக்கு வந்த வயிற்றுப்போக்கில்தான் அது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. கோவிட் வைரஸ் வேறு வகையைச் சேர்ந்தது. அதை இந்த அட்டையால் காட்ட முடியாது. நாய்களுக்கே உரிய இன்னொரு கொரோனாவும் உண்டு. 2003-ல் லண்டனில் ஒரு நாய்க் காப்பகத்தில் கண்டறியப்பட்ட அது மூச்சுப் பாதையைத் தாக்கும்; கென்னல் காஃப் என்கிற இருமல் நோயில் அதற்கும் பங்குண்டு. இருமுகிற நாயின் மலத்தை இந்த அட்டையில் விட்டு 'கொரோனா நெகட்டிவ்' என்று எழுதிக்கொடுத்தால், அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

இரண்டு வைரஸும் குடலில் எங்கே உட்காருகின்றன என்பது புரிந்தால், இரண்டு கோட்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசமான மதிப்பு என்பதும் புரியும். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனியில் உள்ள முதிர்ந்த செல்களைத்தான் கொரோனா அழிக்கிறது. அடியில் இருக்கும் குழிகளில் புதுச் செல்கள் பிறந்து மேலேறிக்கொண்டே இருப்பதால், சில நாளில் சேதம் தானாகவே சரியாகிவிடும். தொற்றிய ஒன்று முதல் நான்கு நாளில் பசி குறையும், ஓரிரு முறை வாந்தி வரும், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் நாற்றமுள்ள பேதி போகும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. வளர்ந்த நாய்களில் பல, அறிகுறியே காட்டாமல் கடந்துவிடும். பார்வோ அப்படி இல்லை. புதுச் செல்கள் பிறக்கும் அந்தக் குழிகளையே அது அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. குடல் தன்னைச் சரிசெய்துகொள்ள வழியில்லை, எதிர்த்து நிற்க வெள்ளையணுக்களும் இல்லை, குடலில் உள்ள பாக்டீரியா நேரே ரத்தத்துக்குள் போய்விடுகிறது. தடுப்பூசி போடாத குட்டியை இரண்டு மூன்று நாளில் சாய்ப்பது இதுதான்.

இரண்டும் ஒரே குட்டிக்கு ஒரே சமயத்தில் வந்தால் நிலைமை மோசமாகும். நுனியையும் அடியையும் சேர்த்து இழந்த குடலால் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது. கொரோனா பக்கத்துக்கு ஒரு தனிக் குட்டியில் ஏதாவது மதிப்பு இருக்கிறதென்றால் இங்கேதான்: இரண்டு கோடும் விழுந்தால், இந்தக் குட்டி மற்ற பார்வோ குட்டிகளைவிட அதிகமாகத் தண்ணீர் இழக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

இனி பெட்டிக்குள் போவோம். அலுமினியப் பையில் அடைத்த அட்டை, கரைசல் நிரப்பிய குப்பி, பஞ்சுக் குச்சி, சொட்டு விடும் குழாய், மடித்து வைத்த விளக்கத் தாள். அட்டையில் பெரும்பாலும் இரண்டு தனித்தனி ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் 'சி' என்ற கட்டுப்பாட்டுக் கோட்டுக்கும் 'டி' என்ற சோதனைக் கோட்டுக்கும் இடம். கரைசலில் வைரஸின் புரதம் இருந்தால், பட்டையில் உள்ள நிறத் துகள் பூசிய ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து 'டி' இடத்தில் போய் நிற்கும்; அங்கே கோடு தெரியும். பையை உடைத்ததும் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பாருங்கள். நிறம் மாறும் வகையாக இருந்து ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால் அந்த அட்டை வேண்டாம்.

செய்முறை எளிது. சொதப்புவதும் அதே அளவு எளிது. மாதிரி புதிதாக இருக்க வேண்டும். ஆசனவாயில் குச்சியை மெதுவாக விட்டுச் சுழற்றி எடுப்பது சிறந்தது. அது முடியாவிட்டால் சுத்தமான தரையில் அப்போது போன மலம். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையிலிருந்தோ மண்ணோடு சேர்த்தோ எடுக்காதீர்கள். குச்சியின் பஞ்சு நனைந்து லேசாகப் பூசியிருந்தால் போதும். நிறைய எடுத்தால் நன்றாகத் தெரியும் என்று கட்டியாக அள்ளிவிடுகிறார்கள். அடிக்கடி நடக்கும் தவறே இதுதான்: கெட்டியான கரைசல் பட்டையின் வாயை அடைத்துவிடும், திரவம் பாதியில் நின்றுவிடும், அல்லது பின்னணி முழுக்கப் பழுப்பாகிக் கோடே தெரியாது.

குச்சியைக் குப்பிக்குள் விட்டுப் பத்து விநாடி நன்றாகச் சுழற்றி, சுவரில் அழுத்திப் பிழிந்து எடுங்கள். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் அசைக்காமல் வையுங்கள். துகள் அடியில் படிந்த பின், மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும் குழாயில் உறிஞ்சி, தாளில் சொன்ன அளவு சொட்டுகளை ஒவ்வொன்றாக விடுங்கள். பல கிட்களில் ஒரு ஜன்னலுக்கு மூன்று அல்லது நான்கு சொட்டு. உங்கள் பெட்டியில் உள்ள தாள் சொல்வதே கடைசிச் சொல். அட்டை சமதளத்தில், காற்றாடிக்கு நேர் கீழே இல்லாமல் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் சிவப்பு நிறம் ஜன்னலில் ஊர்ந்து வரத் தொடங்க வேண்டும். வராவிட்டால் இன்னொரு சொட்டு விடலாம் என்று சில நிறுவனங்களின் தாள்களே அனுமதிக்கின்றன.

படிக்கும் நேரம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம். பத்தாவது நிமிடத்தில் செல்போனில் படம் எடுத்துவிட்டு அட்டையைத் தூக்கிப்போடுங்கள். அரை மணி கழித்து, காய்ந்த பட்டையில் தெரியும் சாம்பல் நிற நிழலைப் பார்த்து "பாசிட்டிவ் ஆகிவிட்டது" என்று பதறுவது வீண். அதே சமயம், உரிய நேரத்துக்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். 'சி' கோடு வராத ஜன்னலின் முடிவு செல்லாது, 'டி' வந்திருந்தாலும்.

நம் ஊரில் இந்தக் கிட்டுக்கு முதல் எதிரி வெயில். பெட்டியில் 2 முதல் 30 டிகிரி வரை என்று அச்சடித்திருப்பார்கள். சித்திரை, வைகாசியில் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத கடையின் அலமாரி நண்பகலில் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். கூரியர் வண்டியும், மூடிய காரின் டேஷ்போர்டும் இன்னும் மோசம். சூடுபட்டால் பட்டையிலுள்ள ஆன்டிபாடி மெல்லத் திறன் இழக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு: 'சி' கோடு வலுவானது என்பதால் அது வழக்கம்போல வந்துவிடும், திறன் குறைந்த 'டி' மட்டும் வராமல் போகும். பார்வைக்கு அழகான நெகட்டிவ். 'சி' கோடு வந்திருக்கிறது, அதனால் கிட் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது சரியில்லை. திரவம் ஓடியது என்பதற்குத்தான் அது பெரிதும் சாட்சி. எனவே வெயில் காலத்தில் ஆன்லைனில் தருவிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குளிர்சாதன வசதியுள்ள கால்நடை மருந்துக் கடையில் கையோடு வாங்கி, ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். பயன்படுத்தும் முன் பையைப் பிரிக்காமலே அரை மணி வெளியில் வைக்க வேண்டும். குளிர்ந்த பையை உடனே பிரித்தால் பட்டையில் ஈரம் படியும்.

எவ்வளவு நம்பலாம்? பார்வோ பாசிட்டிவ் வந்தால், அறிகுறியும் பொருந்தினால், பெரும்பாலும் உண்மைதான். உடனே தனிமைப்படுத்திச் சிகிச்சை தொடங்கலாம். ஒரு விதிவிலக்கு: குட்டிக்கு அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால், ஊசியிலுள்ள உயிருள்ள வலுவிழந்த வைரஸே சில நாள் மலத்தில் வெளியேறி மங்கலான கோடு காட்டக்கூடும். கடந்த இரண்டு வாரத்தில் ஊசி போட்ட விவரத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஊசிக்குப் பிறகு வாந்தியும் ரத்தப்பேதியுமாகக் கிடக்கும் குட்டிக்கு "ஊசியால் வந்த கோடுதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே வெளியிலிருந்து வைரஸ் தொற்றியிருக்கலாம்.

நெகட்டிவ்தான் ஏமாற்றும். பி.சி.ஆர் சோதனையில் பாசிட்டிவ் வரும் குட்டிகளில் கணிசமான பங்கை இந்த அட்டைகள் தவறவிடுகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. காரணங்கள் நேரடியானவை. நோயின் முதல் நாளில் மலத்தில் வைரஸ் குறைவாக இருக்கலாம். நோய் முற்றிய பின் உடலில் உருவான ஆன்டிபாடி குடலுக்குள்ளேயே வைரஸைப் போர்த்திவிடும். பட்டையிலுள்ள ஆன்டிபாடிக்குப் பிடிக்க இடமிருக்காது. பேதி தண்ணீராகப் போனால் வைரஸ் நீர்த்துவிடும். அதனால் தடுப்பூசி முடியாத குட்டி, வாந்தி, சோர்வு, நாற்றமடிக்கும் பேதி என்று படம் பார்வோ போலவே இருந்தால், நெகட்டிவ் வந்தாலும் பார்வோ என்றே வைத்து நடத்த வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்தில் புது மாதிரியில் இன்னொரு அட்டை போடலாம். அதைவிட நல்ல துணை, அதே நாளில் எடுக்கும் ரத்த அணு எண்ணிக்கை. வெள்ளையணுக்கள் வெகுவாகச் சரிந்திருந்தால் அட்டை என்ன சொன்னாலும் சந்தேகம் பார்வோ மீதுதான். சாதாரணக் குடல் கொரோனாவில் அப்படிச் சரிவதில்லை. 2005-ல் இத்தாலியில் குட்டிகளைக் கொன்ற, உடல் முழுக்கப் பரவும் ஒரு கொரோனா வகையில் வெள்ளையணு குறைந்ததுண்டு, அது அரிது.

கொரோனா ஜன்னலுக்கு வருவோம். பாசிட்டிவ் வந்தால் என்ன? பேதியே இல்லாத நாய்களும் இந்த வைரஸை வெளியேற்றும். நோய் ஆறிய பின்னும் சில நாய்கள் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் வெளியேற்றும். ஆகவே கோடு விழுந்ததால் இந்தப் பேதிக்குக் காரணம் கொரோனாதான் என்று சொல்ல முடியாது. அதற்கென்று தனி மருந்தும் இல்லை. பூனைகளுக்கு அவற்றின் கொரோனாவால் வரும் எஃப்.ஐ.பி நோய்க்குக் கொடுக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை இதற்குக் கேட்டு வருகிறார்கள். குட்டியின் சாதாரணக் குடல் கொரோனாவுக்கு அது தேவையே இல்லை. 'கொரோனா மட்டும்தான் பாசிட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாகி, பார்வோ பக்கத்து நெகட்டிவ் தவறாக இருக்கலாம் என்பதை மறந்துவிடுவதுதான் இந்த ஜன்னலின் உண்மையான ஆபத்து.

கொரோனா ஜன்னல் தன் விலைக்கு உழைப்பது கென்னல்கள் எனும் நாய்ப் பண்ணைகளிலும் காப்பகங்களிலும்தான். பல ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே வாரத்தில் லேசான பேதி, பார்வோ திரும்பத் திரும்ப நெகட்டிவ், நான்கைந்து குட்டிகளில் கொரோனா பாசிட்டிவ் என்றால், அங்கே ஒரு பொதுப் படம் கிடைக்கிறது. கூட்டத்தைப் பிரிப்பது, கிண்ணங்களைத் தனித்தனியாக்குவது, புதுக் குட்டிகளைக் கொஞ்ச நாள் உள்ளே விடாமல் இருப்பது என்று முடிவெடுக்கலாம்.

வீட்டில் ஒன்றிரண்டு நாய் வைத்திருப்பவர் வாங்குவதானால், பார்வோ மட்டும் காட்டும் ஒற்றை அட்டையே போதும். இல்லையென்றால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் சேர்ந்த மும்முனை அட்டையை வாங்குங்கள். பார்வோ–கொரோனா இரட்டை அட்டையைவிட அது பயனுள்ளது, ஏனெனில் ஜியார்டியாவுக்கு மருந்து உண்டு. கோடு விழுந்தால் சிகிச்சை மாறும். எந்த அட்டையும் உருண்டைப்புழு, காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணி, விழுங்கிய துணித் துண்டு, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது, டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயின் தொடக்கப் பேதி ஆகியவற்றைக் காட்டாது. மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கும் டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்ப்பதற்கும் இது மாற்றில்லை.

முடிவு எதுவானாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான்: இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பது. 3 கிலோ குட்டி 8 சதவீதம் நீரிழந்திருந்தால் பற்றாக்குறை மட்டுமே 240 மி.லி. அன்றாடத் தேவையும், தொடர்ந்து போகும் பேதியின் இழப்பும் அதற்கு மேல். வாந்தி எடுக்கிற குட்டிக்கு இதை வாயால் ஈடுகட்ட முடியாது, டிரிப்ஸ் வேண்டும். வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஈறு வெளுத்தோ பிசுபிசுத்தோ இருப்பது, ஈறை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆவது, கழுத்துத் தோலை இழுத்து விட்டால் மெதுவாக இறங்குவது, உடல் சூடு 99 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போவது (குட்டிக்குச் சாதாரணம் 101 முதல் 102.5), பேதியில் ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அட்டை காயக் காத்திருக்காமல் கிளம்புங்கள். மனிதர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

கிட்டோடு சேர்த்தே விற்கப்படும் இன்னொன்று, கொரோனா சேர்ந்த 'நைன் இன் ஒன்' வகைத் தடுப்பூசி. உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் தடுப்பூசி வழிகாட்டி, குடல் கொரோனா ஊசியைப் பரிந்துரைப்பதில்லை. நோய் பெரும்பாலும் லேசானது. அதிகம் பாதிக்கப்படுவது ஊசி போடும் வயதுக்கு முந்தைய சின்னக் குட்டிகள். ஊசி போட்டதால் கிடைக்கும் பாதுகாப்புக்கு வலுவான ஆதாரமும் இல்லை. இருக்கும் ஊசியில் கொரோனா சேர்ந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கொடுக்க வேண்டிய கவனம் பார்வோவின் கடைசித் தவணைக்கு: குட்டிக்கு 16 வாரம் ஆனபோதோ அதற்குப் பிறகோ ஒரு ஊசி கட்டாயம் விழ வேண்டும். தாய்ப்பால் வழி வந்த ஆன்டிபாடி அதற்கு முந்தைய ஊசிகளைச் செயலிழக்கச் செய்யலாம். பத்தாவது வாரத்தோடு "கோர்ஸ் முடிந்தது" என்று சொல்லப்பட்ட குட்டிகள் பார்வோவோடு வருவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

சோதனை முடிந்த பின் கையிலிருக்கும் அட்டை, குச்சி, கையுறை எல்லாமே தொற்றுப் பொருள். கொரோனாவுக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்பும் சானிடைசரும் அதை முடித்துவிடும். பார்வோவுக்கு உறை கிடையாது. சானிடைசரில் சாகாது, ஃபினாயிலையும் நம்ப முடியாது, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எந்தக் கோடு விழுந்தாலும் சுத்தம் செய்வது பார்வோவுக்காகவே இருக்கட்டும். முதலில் மலத்தைத் துடைத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத பிளீச் திரவத்தை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்குச் சுமார் 33 மி.லி, கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். அன்றன்று கலக்குங்கள். டாய்லெட் கிளீனர் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துவதானால் ஈரம் படாத புதுப் பாக்கெட்டாக இருக்க வேண்டும். கட்டி தட்டிப்போனது பெரும்பாலும் வீரியம் இழந்தது.

வாங்கும்போது பெட்டியில் உள்ள தேதியோடு நிற்காமல் அட்டைப் பை, கரைசல் குப்பி இரண்டின் காலாவதித் தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள். தாளும் கரைசலும் இல்லாமல் உதிரியாக விற்கும் அட்டையை வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் கரைசலை இன்னொன்றின் அட்டையில் விட்டால் வரும் முடிவுக்கு யாரும் பொறுப்பில்லை. வீட்டில் சோதித்திருந்தால் பத்தாவது நிமிடப் படம், மாதிரி எடுத்த நேரம், பேதி தொடங்கிய நாள், கடைசி ஊசியின் தேதி இந்த நான்கையும் டாக்டரிடம் காட்டுங்கள்.